கலவறையில் ஒரு மிக்-29

லிஷாவின் கல்யாணத்துக்குக் கலவறையை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்ததுமே, சட்டென்று தன் கணவன் பெயரைச் சொன்னவள் அக்காள் பின்சி.

கலவறை என்பது சமையல்கட்டை ஒட்டிய சாமான் அறை. அரிசி, தேங்காய், சர்க்கரை தொடங்கி கரண்டி, கத்தி வரை எல்லாம் அங்கேதான் இருக்கும். சமையல்காரர் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுப்பதற்கும், போன சாமான் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதற்கும் வீட்டு ஆள் ஒருவர் அதன் வாசலிலேயே நிற்க வேண்டும். பாறசாலைப் பக்கத்தில் அது வேலை மட்டுமல்ல, மரியாதையும்கூட. மாப்பிள்ளைக்குக் கோட்டு, மூத்த மருமகனுக்குக் கலவறைச் சாவி.

ஆனால் பின்சி மரியாதையை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. அவள் கணவன் அகில் விமானப்படையில் சார்ஜென்ட். பஞ்சாபில் ஆதம்பூரில் மிக்-29 என்னும் சண்டை விமானத்தின் எஞ்சினைப் பார்ப்பது அவன் வேலை. சேர்ந்து இருபது வருடம் முடியப் போகிறது. இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பு வேண்டுமா, போதுமென்று ஊருக்கு வருகிறானா என்பதை இந்த லீவு முடிந்து திரும்பியதும் அவன் சொல்லியாக வேண்டும். பின்சியின் மனதில் பதில் எப்போதோ தயார். அவள் பாலராமபுரத்தில் கைத்தறிக் கடையில் வேலை பார்க்கிறாள். மகள் ஐந்தாம் வகுப்பு. வீட்டுக்கு மேல்மாடி கட்டியபோதும் சரி, மகளுக்கு டெங்கு வந்தபோதும் சரி, அகில் போனில்தான் இருந்தான். "வா" என்று அவள் நேராகக் கேட்டால் வந்துவிடுவான்; ஆனால் பாதி மனதோடு வருவான். ஆகவே ஊரே அவனைக் கையைப் பிடித்து இழுக்கட்டும் என்று அவள் ஒரு திட்டம் போட்டாள். அதில் முதல் படி, கலவறைச் சாவி.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாலை, சபையின் கல்யாண ஹாலுக்குப் பின்னால் காய்கறி வெட்டு. சொந்தக்காரர்கள் பாய் விரித்து உட்கார்ந்து சேனையும் வெள்ளரியும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அகில் ஒரு பெரிய ப்ளைவுட் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து கலவறைச் சுவரில் சாய்த்தான். ஒவ்வொரு கரண்டியையும் கத்தியையும் பலகைமேல் வைத்து, அதைச் சுற்றிக் கறுப்பு மார்க்கரால் கோடு இழுத்தான். பிறகு ஆணி அடித்து, அந்தந்தக் கோட்டுக்குள் அந்தந்தச் சாமானைத் தொங்கவிட்டான். பார்ப்பதற்குக் கரண்டிகள் தங்கள் நிழலுக்குள்ளேயே நிற்பது போல இருந்தது.

பின்சியின் அப்பா ரெத்தினதாஸ் முப்பது வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முருங்கைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"மருமவனே, இது என்ன, கரண்டிக்கு ஜாதகம் எழுதுதியளா?"

"இல்ல மாமா. எங்க ஹாங்கர்ல, விமானக் கொட்டகையில, ஸ்பேனர் எல்லாம் இப்பிடித்தான் இருக்கும். ஒண்ணு போச்சுண்ணா அந்த எடம் காலியாத் தெரியும். எண்ணிப் பாக்க வேண்டாம், கண்ணே சொல்லிப் போடும்."

அதோடு அவன் விடவில்லை. துணி காயப்போடும் கிளிப்புகளை ஒரு பொட்டலமாக வாங்கி வந்திருந்தான். பரிமாற நிற்கும் பையன்களுக்கும் சமையல்காரரின் ஆட்களுக்கும் ஆளுக்கொன்று, ஒவ்வொன்றிலும் பெயர். யார் எதை எடுத்தாலும் அந்த இடத்தில் தன் கிளிப்பை மாட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சாமானைத் திரும்ப வைத்தால் கிளிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

"பிச்சாத்தி எடுக்க பாஸ்போர்ட்டா?" என்று கையிலிருந்த கத்தியைக் காட்டிக் கேட்டான் பின்சியின் சித்தப்பா மகன் நிஜின். பாயில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பின்சியும் சிரித்தாள். நல்லது, ஊர் அவனோடு ஒட்டுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சமையல்காரர் மோகனன் மட்டும் சிரிக்கவில்லை. பனச்சமூட்டிலிருந்து பாலராமபுரம் வரை அவர் கை படாத சத்தி, அதாவது கல்யாண விருந்து, கிடையாது. ஒரு கிளிப்பை வாங்கி உருட்டிப் பார்த்தார். "சாரே, ஒரு ஸ்பேனர் போச்சுண்ணா என்னவாம்? வேற ஒண்ணு வாங்கினா போராதா?"

"போராது மோகனண்ணே. அது எஞ்சினுக்குள்ள கெடந்தா? ஒரு சின்ன ஆணி போதும், எஞ்சின் நாசம். அதனால ஸ்பேனர் கெடைக்காம வண்டி பறக்காது. காலையில ரன்வேயில நாங்க எல்லாரும் வரிசையா நின்னு, கல்லு பொறுக்கிட்டே நடப்போம். ஆபீசரும் குனிவாரு, நானும் குனிவேன்."

"அப்ப இந்தியா ஒங்கள கல்லு பொறுக்கவாக்கும் சம்பளம் குடுத்து வெச்சிருக்கு" என்றான் நிஜின்.

ரெத்தினதாஸுக்கு இது பிடித்த பேச்சு. மருமகனிடம் வம்பு இழுக்க அவருக்கு மிக்-29ஐ விட்டால் வேறு பொருளே இல்லை. "மக்கா, அந்த வண்டி எந்த வருசத்து மாடல்?"

"எம்பதுகள்ல வாங்கினது மாமா. எனக்கு அப்ப ரெண்டு வயசு."

"கேட்டியளா! நாப்பது வருசம்! எங்க டிப்போவில பதினஞ்சு ஆனாலே ஏலம் விட்டு, பாட்டு பாடி அனுப்பிப் போடுவோம். இவியளுக்க வண்டி பறக்குதாம். பொகையும் உண்டுல்லா?"

"உண்டு. கறுப்புப் பொகை. அதை மறைக்க முடியாது, தூரத்தில இருந்தே தெரியும்."

"அப்ப அது எங்க பஸ்ஸேதான். றெக்கை வெச்சிருக்காவ, அவ்வளவுதான்."

அகில் கோபப்படுவதே இல்லை. பலகையில் ஒரு ஆணியை அடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னான். "பத்திரிகையில வந்ததை மட்டும் சொல்லுதேன், கேளுங்க. வாங்கும்போ அதுக்கு ஒரே ஒரு வேலை. மேல போவணும், எதிரி விமானத்தை விரட்டணும். கார்கில்ல மத்த விமானம் குண்டு போடப் போகும்போ இது காவலுக்குப் போச்சு. பின்ன வயசாச்சு. யாரும் ஏலம் விடல மாமா. பழைய ரேடாரை மாத்திப் புதுசு வெச்சாவ, கண்ணுக்கு ஆப்பரேசன் செஞ்ச மாதிரி. முதுகில கூடுதலா எண்ணெ வெச்சாவ. இப்ப கூனன் மாதிரி இருக்கும். ஆனா அது வயசுக்கூனு இல்ல, சோத்துப் பொதி. பறந்துகிட்டே வேற விமானத்தில இருந்து எண்ணெ குடிக்கும். கீழ உள்ளதையும் அடிக்கும், கடல்ல உள்ளதையும் அடிக்கும். காவலுக்கு மட்டும்ணு வந்தவன் இப்ப எல்லா வேலையும் செய்யுதான். ஒரு எஞ்சின் நின்னாலும் மத்ததை வெச்சு வீடு வந்து சேருவான்."

மோகனன் தொண்டையைச் செருமினார். "ஞானும் முதல்ல சாம்பார் மட்டும் வெச்சவனாக்கும். பின்ன அவியலு, பின்ன போளி, பாயசம். போன வருசம் ரெண்டு கண்ணும் ஆப்பரேசன். அப்ப ஞானும் மிக்கு தன்னே."

"பொகையும் உண்டு" என்று அவர் காதில் செருகியிருந்த பீடியைக் காட்டினாள் பின்சியின் அம்மா லீலாபாய். அன்று மாலை முழுவதும் மோகனனுக்கு மிக்கு என்பதே பெயராகிவிட்டது.

அகிலின் முகத்தைப் பின்சி கவனித்தாள். கலவறையைப் பற்றிப் பேசும்போது அவன் கண் பலகையில் இருந்தது. விமானத்தைப் பற்றிப் பேசும்போது கண் வேறெங்கோ இருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நிஜின் கலவறையிலிருந்து சின்னப் பிச்சாத்தியை எடுத்து, பால் கவர்களை ஒவ்வொன்றாகக் கீறி உருளியில் ஊற்றினான். கத்தியைத் திரும்ப மாட்டிவிட்டுத் தன் கிளிப்பை எடுத்துக்கொண்டான். பால் பாயசம் கொதிக்கத் தொடங்கியது. சற்று நேரத்தில் ஹால் வாசலில், சர்ச்சுக்குப் புறப்பட நின்ற மணப்பெண்ணின் கார் முன்னால் ஒரே கூச்சல். பூச்சரத்தைக் கட்டியவன் கதவுப்பிடியையும் சேர்த்துக் கட்டியிருந்தான். லிஷா பட்டும் முக்காடுமாக நிற்கிறாள், கதவு திறக்கவில்லை. "அத்தான், ஓடி வாங்க, எதையாவது எடுத்துகிட்டு வாங்க!" என்று பின்சி கத்தினாள். அகில் ஓடி வந்து கயிற்றை அறுத்தான். கதவு திறந்தது. உடனே பின்சி அவன் தோளில் கோட்டைப் போட்டு, போட்டோக்காரர் பக்கம் தள்ளிவிட்டாள்.

ஆராதனை முடிந்தது, தாலி ஏறியது, படங்கள் எடுத்தார்கள். ஹாலுக்கு வரும்போதே முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. முன் வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஈசாக். பனச்சமூட்டுக்காரர். நல்ல சாப்பாட்டுக்காக ஆறு கடந்தும் போவார் என்று பெயரெடுத்தவர். சாம்பார் முடிந்து இலையில் போளி விழுந்தது. இந்தப் பக்கத்தில் ஒரு சட்டம் உண்டு: போளி விழுந்தால் அதன் தலைமேல் பாயசம் விழ வேண்டும். ஈசாக் போளியைப் பிய்த்து, குழி செய்து, கையை மடித்துக் காத்திருந்தார்.

பாயசம் வரவில்லை.

"எலே மக்கா, போளி ஒத்தைக்கு இருக்கு. தொணையக் கூட்டிட்டு வாங்கலே" என்றார் ஈசாக். பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். பின்னும் வரவில்லை. இப்போது யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது பின்சியின் கண்ணில் பட்டது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கலவறைக்கு ஓடினாள்.

அங்கே பாயச உருளிக்கு முன்னால், கோட்டும் டையுமாக இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான் அகில். எதிரே, பரிமாற எடுத்த வாளியோடு மோகனன்.

"வெளம்பக் கூடாது மோகனண்ணே. சின்னப் பிச்சாத்தியைக் காணல. கடைசியா அது எடுத்தது பால் கவர் கீறத்தான். உருளிக்குள்ள விழுந்திருந்தா? ஒரு பிள்ளைக்க வாயில பட்டா?"

"எனக்க பாயசத்தில பிச்சாத்தியா? நாப்பது வருசமாட்டு ஞான் கிண்டுத பாயசம்! கரண்டியில தட்டியிருந்தா எனக்குத் தெரியாதா?"

"துணி வெச்சு அரிச்சுப் பாத்திருவோம்."

"அரிச்சா அது பாயசமில்ல சாரே, கஞ்சித் தெளிவு!"

"அத்தான்!" பின்சி பந்திப் பக்கம் கை காட்டினாள். "அங்க போளி ஆறிப்போச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரிய என்ன நினைப்பாவ? எனக்க தங்கச்சிக்க கல்யாணமாக்கும் இது. உங்களுக்க ஹாங்கர் இல்ல."

"நான் சொல்லுதேன் பின்சி, கேளு. நிஜின் திரும்ப வெச்சேங்கான். நான் எல்லாருக்க கிளிப்பையும் பாத்தாச்சு. எல்லாரும் கையில வெச்சிருக்காவ. பலகையில அந்த எடத்தில கிளிப்பும் இல்ல, கத்தியும் இல்ல. அப்ப அதை யாரும் எடுக்கல. யாரும் எடுக்காம எங்க போவும்? நிஜின் பொய் சொல்லுதான், இல்லேண்ணா அவனுக்கே தெரியாம உள்ள விழுந்துட்டு."

நிஜினின் முகம் சிவந்துவிட்டது. "மாதாவுக்க சத்தியமா அண்ணே" என்றான். சி.எஸ்.ஐ. சபைப் பையன், பதற்றத்தில் பக்கத்துக் கத்தோலிக்கக் கோவிலின் மாதாவையே கூப்பிட்டுவிட்டான்.

பின்சி பலகையைப் பார்த்தாள். கரண்டிகள் எல்லாம் தங்கள் நிழலுக்குள் இருந்தன. நடுவில் ஒரு நிழல் மட்டும் ஆளில்லாமல் கிடந்தது. எத்தனையோ வருடமாகப் போனில் இந்தக் கதைகளைக் கேட்டவள் அவள். ஸ்பேனர், அதை எடுத்தால் அங்கே மாட்டும் டோக்கன், பலகை, எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"உங்களுக்க கிளிப் எங்க?" என்று கேட்டாள்.

"எனக்கா? எனக்குக் கிளிப் இல்ல. நான் கலவறைக்காரனில்லியா."

"அங்க உங்களுக்கு டோக்கன் உண்டா?"

"உண்டு. கமாண்டிங் ஆபீசர் வந்து எடுத்தாலும் டோக்கன் போட்டுத்தான்..." அகில் பாதியில் நின்றான்.

"காரு" என்றாள் பின்சி.

இருவரும் ஓடினார்கள். கோட்டு போட்ட மூத்த மருமகனும் பட்டுச் சேலைக்காரியும் பந்திக்கு நடுவே ஓடுவதைப் பார்த்து, கார் தீப்பிடித்துவிட்டதோ என்று ரெத்தினதாஸும் பின்னால் ஓடினார். மணப்பெண்ணின் கார் வாசலில் நின்றது. முன் கண்ணாடிக்குக் கீழே வாடத் தொடங்கிய பூச்சரத்துக்குள், ஒரு மல்லிகையை அலகில் ஒட்டிக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தது சின்னப் பிச்சாத்தி.

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றார் ரெத்தினதாஸ் மூச்சு வாங்கிக்கொண்டே. "சர்ச்சுக்கும் போயி, கல்யாணமும் பாத்துட்டு வந்திருக்கு."

அத்தோடு முடிந்திருக்கும். மோகனன் வாளியோடு பாய்ந்துவிட்டார். பந்தியில் யாருக்கும் கத்தி விஷயமே தெரியாது. ஆனால் அகில் நேராக மேடைக்குப் போனான். வாழ்த்து வாசித்துக்கொண்டிருந்தவரிடமிருந்து மைக்கை வாங்கினான்.

"பாயசம் தாமசிச்சதுக்கு மன்னிக்கணும். ஒரு பிச்சாத்தியைக் காணல, உருளியில விழுந்திருக்குமோண்ணு நான்தான் நிறுத்தி வெச்சேன். அதை எடுத்தது நான், மறந்தது நான். நிஜின் மேல தப்பில்ல. பிச்சாத்தி கெடைச்சாச்சு. பாயசம் சுத்தம்."

பின்சி தலையில் கை வைத்தாள். ஈசாக் எழுந்து நின்றார்.

"மக்கா, பிச்சாத்தி கெடந்தாலும் நான் ஒரு ஓரமா ஒதுக்கி வெச்சிட்டுக் குடிச்சிருப்பேன். இவ்வளவு நேரம் இதுக்காக்கும் நிறுத்தினியா? கொண்டாங்கலே!"

ஹால் சிரிப்பில் குலுங்கியது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். போளிமேல் பாயசம் விழுந்தது. ஈசாக் மூன்று முறை வாங்கினார், ஒவ்வொரு முறையும் கரண்டியைப் பார்த்து, "பிச்சாத்தி இல்லியே?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டு வேன் புறப்படுகிற நேரம். அகில் கோட்டைக் கழற்றிவிட்டு, கழுவி வந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பலகையில் மாட்டிக்கொண்டிருந்தான். பெரிய கரண்டியின் நிழல் காலியாக இருந்தது. அங்கே ஒரு கிளிப் தொங்கியது. 'பின்சி' என்று அவள் கையெழுத்து.

"ஈசாக்கு மாமாவுக்குத் தூக்குவாளியில பாயசம் ஊத்த எடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே கரண்டியோடு வந்தாள் பின்சி. "கிளிப் போட்டிருந்தேன், கண்டியளா?"

அவன் சிரித்தான். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "பின்சி, நான் நீட்டிப்பு கேக்கப் போறதில்ல. வீட்டுக்கே வாறேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் கலவறைச் சாவியை வாங்கிக் கொடுத்தாள். இப்போது அது அவள் கையில் வந்து விழுந்துவிட்டது. சந்தோஷப்பட வாயைத் திறந்தவள், அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"என்னத்துக்கு?"

"இத்தனை வருசத்தில ஒரு ஸ்க்ரூ எனக்க கையில இருந்து போனதில்ல. இண்ணைக்கு எல்லாருக்கும் சட்டம் போட்டுட்டு நானே மறந்தேன். நிஜினைப் பொய்க்காரன்ணும் சொன்னேன். இந்தக் கை இனி அந்த வண்டியைத் தொடக் கூடாது."

"அங்க ஒருத்தர் ஸ்பேனரை மறந்து வெச்சிட்டு, வந்து ஒத்துக்கிட்டா என்ன செய்வாவ? வேலையில இருந்து தள்ளுவாவளா?"

அகில் யோசித்தான். "இல்ல. ஒத்துக்கிட்டா ஆபீசர் டீ வாங்கிக் குடுப்பாரு. ஒளிச்சு வெச்சாத்தான் தள்ளுவாவ."

"பின்னே? மைக்கில ஒத்துகிட்டாச்சு. நானும் டீ போட்டுத் தாறேன்." கரண்டியை அதன் நிழலுக்குள் மாட்டிவிட்டு அவள் திரும்பினாள். "இங்க பாருங்க. நீங்க வரணும்ணுதான் எனக்கு ஆசை. பொய் சொல்ல மாட்டேன். ஆனா சிரிச்சுகிட்டு வரணும். இப்பிடி மூஞ்சியைத் தொங்கப் போட்டுகிட்டு வாற ஆளு எனக்கு வேண்டாம். அந்த வண்டிக்குக் கண்ணு மங்கினப்போ ஏலமா விட்டாவ? புதுக் கண்ணு வெச்சாவல்லா? உங்களுக்கு ஒரு கிளிப் வெச்சா போதும்."

மாட்டப் போன கத்தியை அகில் கீழே வைத்தான்.

"மூணு வருசம்" என்றாள் பின்சி. "அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது. வண்டிக்கு நீட்டிப்பு குடுத்தாலும் உங்களுக்கு நான் குடுக்க மாட்டேன். பிள்ளைக்கு ஸ்கூல் அடைச்சா நாங்க ரெண்டு பேரும் அங்க வாறோம். எனக்கு அந்த வண்டியைக் காணணும்."

"ஹாங்கருக்குள்ள விட மாட்டாவ. வேலிக்கு வெளிய ரோட்டில நின்னா மேல போறதைக் காணலாம். சத்தம் நெஞ்சில இடிக்கும்."

"பொகை தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"அது போதும்."

வாசலில் வாழைக்குலையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்த ரெத்தினதாஸ் காதில் கடைசி வார்த்தைகள் மட்டும் விழுந்தன. "பொகை பாக்க பஞ்சாபுக்குப் போறியா மக்கா? எங்க டிப்போவுக்கு வா, டிக்கெட் இல்லாம காட்டித் தாறேன்."

அவருக்குப் பின்னாலேயே மோகனன் வந்தார். பலகையை மேலும் கீழும் பார்த்தார். அடுத்த வாரம் செங்கல் என்ற ஊரில் ஒரு கல்யாணம். பலகையைத் தர முடியுமா என்று கேட்டார். தரலாம், ஆனால் சட்டத்தோடுதான் என்றான் அகில். சம்மதம் என்றார் மோகனன். தன் பெயரிட்ட கிளிப்பைச் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டு பலகையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை அகில் பிடித்தான்.

பொட்டலத்தில் ஒரே ஒரு கிளிப் மிச்சம் இருந்தது. பின்சி மார்க்கரை எடுத்து 'அகில்' என்று எழுதினாள். இரண்டு கையிலும் பலகையைத் தூக்கி நின்ற கணவனின் காது மடலில் அதைக் கொண்டுபோய் மாட்டினாள்.

"அய்யோ, வலிக்குது பின்சி!"

"வலிக்கட்டும்" என்றாள் அவள். "அப்பத்தான் மறக்காது."